நிகண்டு வரிசையும் உரை மரபும்: ஆங்கிலச் சொற்பொருளைத் தமிழில் விளக்குதல் குறித்து

1898ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரின் கமர்ஷியல் பிரஸ் என்னும் பதிப்பகம் 'ஹுவா யிங் ச்சூ ஜியே' என்றொரு சிறு பாடநூலை வெளியிட்டது. பதிப்பகம் தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. சீனச் சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த அந்நூலின் மூலம், இந்தியப் பள்ளி மாணவர்க்காக ஆங்கிலேயர் தொகுத்த தொடக்கநிலைப் பாடநூலாகும். ஷியே ஹோங்லாய் என்பவர் அம்மூலத்தை எடுத்து, அதன் சொற்களுக்கும் தொடர்களுக்கும் சீன மொழியில் பொருளும் விளக்கமும் இணைத்தார். நூல் பெரிதும் விற்றது. அடுத்த நிலைகளுக்குரிய தொகுதிகளும் தொடர்ந்து வந்தன. பின்னாளில் சீனத்தின் முன்னணிப் பதிப்பகங்களுள் ஒன்றாக அந்நிறுவனம் வளர்ந்ததற்கு இந்நூலே கால்கோள் எனலாம்.

நம் நாட்டு மாணவர்க்கென எழுதப்பெற்ற நூலுக்கு அவர்கள் தம் மொழியில் உரை எழுதிக்கொண்டனர். இச்செய்தியை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு வியப்பைவிட ஒருவகை நாணமே மிகுந்தது. உரை எழுதுவதில் உலக மொழிகள் பலவற்றுக்கும் மூத்த மரபுடைய தமிழ், ஆங்கிலச் சொல்லுக்கு உரை எழுதும் பணியைப் பெரும்பாலும் பள்ளிக்கூட வழிகாட்டி நூல்களின் வணிகத்திற்கு விட்டுவிட்டது. அப்பணி தமிழ்த்துறைக்குரியது என்பதே இக்கட்டுரையின் வாதம். முனைவர்பட்ட ஆய்வுத் தலைப்பாக இதனை முன்மொழிந்தபோது, 'இது ஆங்கிலத் துறையினர் பார்க்க வேண்டிய வேலை' என்ற மறுமொழி எனக்குக் கிடைத்தது. மறுத்தவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அம்மறுமொழி நம் துறைகளில் பொதுவாக நிலவும் எண்ணத்தைக் காட்டுவதால் மட்டுமே அதனைக் குறிப்பிடுகிறேன்.

அகராதி வரலாற்றில் ஒரு வெற்றிடம்

தமிழ் அகராதி வரலாற்றை அறிந்தோர்க்கு இப்பகுதி புதிதன்று; ஆதலின் விரிக்கவில்லை. வேப்பேரியில் ஃபப்ரீசியுஸ் 1779இல் வெளியிட்ட அகராதி தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் தந்தது. வின்சுலோவின் 1862ஆம் ஆண்டுப் பேரகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களை ஆங்கிலத்தில் விளக்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் கூறியது. இவை மூன்றும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்பவை. எதிர்த்திசையில், ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவனை முன்னிறுத்திய முயற்சி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நைட், ஸ்பால்டிங் ஆகியோர் தொகுத்த பள்ளிக் கையகராதியில் தென்படுகிறது. பின்னர் 1963–65 காலத்தில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் வெளிவந்தது. பொருள் நுட்பத்தைத் தமிழில் பிரித்துக் காட்டுவதில் அதற்கு இணையான நூல் இன்றுவரை அரிது. எனினும் கற்போன் ஒரு சொல்லைத் தொடரில் எவ்வாறு அமைப்பான் என்பதை அது தன் பணியாகக் கொள்ளவில்லை. இக்குறையைப் பள்ளி மாணவரிடையே லிஃப்கோ அகராதியும், அண்மைக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடான ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதியும் ஓரளவு நிரப்பின. இவற்றைப் பற்றி நம் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், சங்க இலக்கியத்தின் ஒரு பூவைப் பற்றி வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையைக்கூட அது எட்டாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்து ஒன்றுண்டு. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியே கற்க வேண்டும். தாய்மொழி விளக்கம் ஊன்றுகோலாகிப் பின்னர்த் தடையாகிவிடும் என்பர். இதனை எளிதில் ஒதுக்க இயலாது. இக்கருத்துக்கு வலுச்சேர்த்த அகராதிகள் ஆசியாவிலேயே பிறந்தவை என்பதும் கருதத்தக்கது. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவரிடம் பெற்ற பட்டறிவைக் கொண்டு, 1,490 சொற்களை மட்டுமே விளக்கச் சொற்களாகக் கையாண்ட அகராதியை 1935இல் வெளியிட்டார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியின் அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. அதுவே பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற கற்போர் அகராதியாயிற்று. ஆனால் அந்த 1,490 சொற்களையும் முன்னரே அறிந்த மாணவனுக்குத்தான் வெஸ்டின் அகராதி கதவு திறக்கும். மேலும், ஹார்ன்பி வழிவந்த அகராதியைச் சீனர் அப்படியே ஏற்கவில்லை. ஆங்கில விளக்கத்தை நிறுத்திக்கொண்டு, அதனருகே சீன விளக்கத்தையும் சேர்த்து 'ஷுவாங் ஜியே', அதாவது இரட்டை விளக்கம் என்னும் வகையாக மாற்றிக்கொண்டனர். 1997இல் பாட்டியா லாஃபர், லினோர் ஹாடார் ஆகிய இருவரும் ஒருமொழி, இருமொழி, இரட்டை விளக்க அகராதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மூன்றாம் வகையே கற்போர்க்கு மிகுதியும் பயன்பட்டதாகக் கண்டனர். ஊன்றுகோல் என்னும் வாதத்திற்கு இதனினும் தெளிவான மறுமொழி வேண்டுவதில்லை.

கடனும் இரவலும்

சீன விளக்கத்தைத் தமிழில் பெயர்த்துவிட்டால் நம் பணி முடிந்துவிடுமா? முடியாது. ஏன் என்பதற்கு ஒரே சொல் போதும். சீனத்தில் 'ஜியே' என்னும் வினை, கடன் கொடுத்தல், கடன் வாங்குதல் ஆகிய இரண்டையும் குறிக்கும். ஆகவே ஆங்கிலத்தின் 'லெண்ட்', 'பாரோ' என்னும் இரு சொற்களும் சீன மாணவனுக்கு ஒன்றாகத் தோன்றி மயங்கும். அவனுக்குரிய அகராதி வெளிச்செல்வது, உள்வருவது எனத் திசையை விளக்கியாக வேண்டும். தமிழ் மாணவனுக்கு இம்மயக்கம் இல்லை. கொடு, வாங்கு என்னும் வினைகள் திசையைத் தாமே காட்டிவிடுகின்றன. அதிலும் கொடுக்கல் வாங்கலையே வாழ்வாகக் கொண்ட செட்டிநாட்டில் வளர்ந்தவனுக்கு இதனை விளக்க முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும்.

தமிழனின் மயக்கம் வேறிடத்தில் உள்ளது. பெற்ற பொருளையே திருப்பித் தர வேண்டுமெனில் அது இரவல். பணம், நெல் போலப் பெற்றதற்கு ஈடானதைத் திருப்பித் தர வேண்டுமெனில் கடன். சிறுதொகையை வட்டியின்றிச் சில நாளுக்குப் பெறுவது கைமாற்று. ஆங்கிலத்தின் 'பாரோ' இம்மூன்றையும் வேறுபாடின்றித் தழுவும். நம் அகராதிகளின் பொதுவழக்கம் 'கடன் வாங்கு, இரவல் வாங்கு' என்று காற்புள்ளியிட்டு அடுக்கிவிடுவதாகும். இவ்விரண்டும் தமிழில் ஒருபொருட் சொற்கள் அல்ல. காற்புள்ளியோ அவற்றை ஒருபொருட் சொற்கள்போல் காட்டுகிறது. கற்போன் நூலகத்திற்கு ஒரு சொல், வங்கிக்கு ஒரு சொல் என ஆங்கிலத்திலும் தேடித் திகைக்கிறான். அவனுக்கு வேண்டியது பின்வருமாறு அமைந்த ஒரு பதிவு:

'பாரோ: பிறர்க்குரியதைத் திருப்பித் தருவதாகக் கூறிப் பெறு. பெற்ற பொருளையே தருவதாயினும் (இரவல்) அதற்கு ஈடானதைத் தருவதாயினும் (கடன், கைமாற்று) ஆங்கிலத்தில் இதுவே சொல். யாரிடம் என்பதற்குத் தமிழில் "இடம்" வருமிடத்து ஆங்கிலத்தில் "ஃப்ரம்" வரும், "டு" வாராது. மொழியியலில் பிறமொழிச் சொல்லை ஏற்றுக்கொள்வதற்கும் இச்சொல் ஆளப்படும்.'

இறுதித் தொடரால் விளையும் கடன்சொல் என்னும் கலைச்சொல்லை நாம் நாள்தோறும் ஆள்கிறோம். அக்கடன் திருப்பித் தரப்படுவதில்லை என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை!

சொல்லைத் தேர்வதே இலக்கணத்தைத் தேர்வது

பொருளாகத் தரப்படும் தமிழ்ச் சொல், தன் வேற்றுமையையும் உடன் கொண்டே ஆங்கிலத்திற்குள் செல்கிறது. இக்கட்டுரையில் நான் மிகுதியும் வற்புறுத்த விரும்புவது இதனையே. 'ரீச்' என்பதற்கு 'அடை' எனப் பொருள் தந்தால், 'ஊரை அடைந்தான்' என்னும் இரண்டாம் வேற்றுமைத் தொடரின் வழியே கற்போன் நேரடியாகச் செயப்படுபொருளை வைத்துப் பிழையின்றி எழுதுவான். 'போய்ச் சேர்' எனத் தந்தால், 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தான்' என்னும் நான்காம் வேற்றுமை அவனை 'ரீச் டு' என்னும் பிழைக்கு இட்டுச்செல்லும். இரு சொற்களும் பொருளால் தவறற்றவை. அமைப்பால் ஒன்று வழிகாட்டுகிறது, மற்றொன்று வழிதவறச் செய்கிறது.

'டிஸ்கஸ்' என்பதற்கு 'விவாதி' என்னும் பொருள் பொருத்தமானதே. ஆனால் தமிழில் ஒன்றைப் பற்றி விவாதிப்பதே பெருவழக்கு. அதனால் 'டிஸ்கஸ் எபவுட்' என எழுதாத தமிழ்வழி மாணவர் குறைவு. இளமுனைவர் பட்டக் காலம் வரையில் நானும் அவ்வாறே எழுதினேன். 'என்டர்' என்பதன்பின் 'இன்டூ' சேர்ப்பதற்கு 'அறைக்குள் நுழைந்தான்' என்னும் நம் தொடரே காரணம். 'ஆஸ்க் டு ஹிம்' என்பது 'அவனிடம் கேட்டான்' என்பதன் நிழல்; 'அவனைக் கேட்டான்' என்னும் வழக்கும் நம்மிடம் உண்டு என்பதை நினைவூட்டினால் அப்பிழை தானே மறையும். இவற்றை ஆங்கில ஆசிரியர் பிழைகள் எனத் திருத்துவார். எவ்வேற்றுமையிலிருந்து அப்பிழை பிறந்தது என்பதைத் தமிழ் இலக்கணம் பயின்றவரே காட்ட இயலும்.

ஆங்கிலத்தின் சுட்டிடைச்சொற்களையும் இவ்வாறே அணுகலாம். 'எ', 'தி' என்னும் வேறுபாடு தமிழில் இல்லை என்றே வகுப்புகளில் கூறப்படுகிறது. 'புத்தகம் வாங்கினான்' என்பதையும் 'புத்தகத்தை வாங்கினான்' என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க. முன்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை. எந்தப் புத்தகம் என்பது கேட்போர்க்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. பின்னதில் உருபு விரிந்தவுடன், இருவரும் முன்னரே அறிந்த ஒரு புத்தகம் முன்னிற்கிறது. அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' உருபு செய்யும் இவ்வேலை, ஆங்கிலத்தின் 'தி' செய்யும் வேலைக்கு மிக நெருங்கியது. எழுவாயில் இவ்வொப்புமை செல்லாது என்பதையும் உடன் கூறிவிட வேண்டும். எனினும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

தொல்காப்பியர் எழுதிய பயன்பாட்டுக் குறிப்புகள்

இன்றைய கற்போர் அகராதிகளில் கட்டமிட்டுத் தரப்படும் பயன்பாட்டுக் குறிப்பு மேனாட்டாரின் புத்தாக்கமாகக் கருதப்படுகிறது. சொல்லதிகாரத்தின் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆளும் சொற்களாகத் தொல்காப்பியர் வரையறுத்தது வேறென்ன? கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கையும் இடத்தோடு பொருத்தி, வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என வகுத்தார். கேட்போனின் இடத்தை நோக்கிச் செல்வதற்கும் 'கம்' என்பதையே ஆங்கிலம் ஆளும். பேசுவோனும் கேட்போனும் அல்லாத இடத்தை நோக்கியது 'கோ'. 'பிரிங்', 'டேக்' என்பவற்றின் வேறுபாடும் பெரும்பான்மை இவ்வழியே அமையும். கிளவியாக்க விதியைத் தெரிந்த மாணவனுக்கு இந்நான்கு ஆங்கிலச் சொற்களையும் கற்பிக்க அரைமணி நேரம் மிகை. (தா, கொடு என்னும் வேறுபாட்டை நாம் பேச்சில் பெரிதும் இழந்துவிட்டோம், மலையாளம் இன்றும் காத்து வருகிறது. அதனால் இவ்விதியை நம்மவரைவிடக் கேரள மாணவர் விரைந்து உணரக்கூடும்.)

திவாகரம் தொடங்கிச் சூடாமணி வரையிலான நிகண்டுகள் மனனம் செய்வதற்காகச் சொற்களை அடுக்கின. புலவனுக்கு எதுகைக்கும் மோனைக்கும் பல சொற்கள் வேண்டியிருந்தமையின் அவ்வடுக்கு அவனுக்குப் பயன்பட்டது. நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் அந்நிகண்டு வழக்கத்தையே பின்பற்றின. ஒரு தலைச்சொல்லின் எதிரே ஐந்தாறு தமிழ்ச் சொற்களை நிறுத்துகின்றன. எதுகை தேடாத மாணவனுக்கு அவ்வைந்துள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே சிக்கல். சேனாவரையரும் பரிமேலழகரும் செய்த வேலை இதற்கு மறுதலையானது. ஒத்தவைபோல் தோன்றும் சொற்களைப் பிரித்து, இச்சொல் ஈண்டு இப்பொருட்டாயிற்று எனக் காரணம் காட்டி நிறுவுவது அவர்கள் முறை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது, தமிழ்ச் சொல்லுக்குத் தமிழில் முழுத்தொடரால் பொருள்கூறி எடுத்துக்காட்டும் தந்து இம்முறையின் பயனைக் காட்டியது. அம்முறை ஆங்கிலத் தலைச்சொல்லுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

செட்டிநாட்டுச் சொற்கள்

விளக்கத்திற்கு எத்தமிழைக் கொள்வது என்னும் வினா எஞ்சுகிறது. 'இன்ட்ரஸ்ட்' என்பதற்கு வட்டி, ஆர்வம், நலன் என மூன்று பொருள் தருவர். வட்டி என்னும் பொருளுக்குள்ளேயே நகரத்தார் கணக்குமுறை நடப்பு வட்டி, தவணை வட்டி எனப் பிரித்து வைத்திருந்தது. 'கரண்ட்' என்பதற்கு மின்னோட்டம் என்னும் பொருளையே முதலில் அறிந்த இன்றைய மாணவனுக்கு, வங்கியின் 'கரண்ட் அக்கவுண்ட்' நடப்புக் கணக்காகும் காரணத்தை விளக்க இரங்கூனிலும் கோலாலம்பூரிலும் புழங்கிய அந்த 'நடப்பு' போதும். வட்டிக் கடையில் உதவியாளராக இருந்தவர் அடுத்தாள். தொழில் பழக வந்த சிறுவன் பெட்டியடிப் பையன். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்தவர்க்கு இவை பழகிய சொற்கள். ஆங்கிலத்தின் 'அசிஸ்டண்ட்', 'அப்ரண்டிஸ்' என்பவற்றைத் தமிழாக்க நாம் பட்ட பாட்டை எண்ணும்போது இச்சொற்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் கண்ணில் படாமல் போனது வருத்தமளிக்கிறது.

'கோடவுன்' இன்னும் சுவையானது. மலாய்ச் சொல் வழியே ஆங்கிலம் சென்ற இதனை 1886ஆம் ஆண்டின் ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, தமிழ்க் கிடங்கு, தெலுங்கு கிட்டங்கி என்பவற்றோடு இணைத்துக் காட்டுகிறது. சிங்கப்பூரிலும் மலேயாவிலும் செட்டியார் கடைகள் இயங்கிய இடத்திற்குக் கிட்டங்கி என்றே பெயர். நம் வீட்டுச் சொல்லை ஆங்கிலச் சொல்லாகக் கற்று, அதற்குப் 'பண்டகசாலை' என வடசொல்லால் பொருள் எழுதிக்கொள்கிறோம்! வட்டார வழக்கு எல்லா இடத்தும் உதவும் என்று நான் கூறவில்லை. 'ஆயா' என்பது செட்டிநாட்டில் தாயைப் பெற்ற பாட்டி. ஆங்கில அகராதியில் போர்ச்சுக்கீசிய மூலத்திலிருந்து வந்த செவிலி. இவ்விரண்டையும் குழப்பினால் பாட்டிமார் பொறுக்க மாட்டார்கள்.

ஆய்வாளரின் நிலை

இச்சிக்கல் பள்ளி மாணவருக்கு மட்டும் உரியதன்று. தமிழில் முதுகலை முடித்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு எழுதுவோர்க்குத் தமிழ்ப் பாடத்தாள் தமிழில் அமைகிறது. முதல் தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. சங்கப் பாடல்களில் தேர்ந்த ஒருவர், அத்தாளின் வாசிப்புப் பகுதியில் ஒரு சொல்லின் நுட்பம் பிடிபடாமல் வாய்ப்பை இழப்பதை நம் வகுப்பறைகள் அறியும். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து குடும்பத்தின் முதற்பட்டதாரியாக வருவோர் இங்குப் பலர். அவர்களுக்கு ஆங்கிலம் வீட்டில் கேட்ட மொழியன்று. நூல்வழி மட்டுமே கிட்டும் மொழி.

ஆய்வுச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் தர வேண்டும் என்பது இன்று பல ஆய்விதழ்களின் விதி. அதனை எழுதுவது யார்? தட்டச்சு நிலையத்தாரோ கைப்பேசிச் செயலியோ எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பாலைத் திணை பற்றிய ஒரு சுருக்கத்தில் 'திணை' தினையாகி, பாலைவனத்தில் விளையும் சிறுதானியத்தைப் பற்றிய ஆய்வாக ஆங்கிலத்தில் நின்றது. நண்பர் அதனைப் படித்துப் பார்த்தே அனுப்பியிருந்தார்; அச்சொற்கள் அவருக்கு ஐயம் எழுப்பவில்லை. நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனெனில் அவர் திணைக் கோட்பாட்டில் எங்கள் எல்லாரினும் ஆழங்கால் பட்டவர். அச்சுருக்கத்தை மட்டும் படிக்கும் அயல்நாட்டு அறிஞர்க்கு அவர் யாராகத் தோன்றியிருப்பார்?

ஆங்கிலத்தின் எல்லாச் சொற்களுக்கும் பேரகராதி ஒன்று வேண்டும் என நான் கேட்கவில்லை. அத்தகைய திட்டங்கள் எத்தனை ஆண்டு எடுக்கும் என்பதைத் தமிழ்ப் பேரகராதியின் வரலாறு காட்டும். 1913இல் தொடங்கிய பணி, முதன்மைத் தொகுதிகள் நிறைவுற 1936 வரை நீண்டது. ஆங்கிலத்தில் மிகுதியும் வழங்கும் 500 வினைகளை மட்டும் முதலில் கொள்ளலாம். ஒவ்வொரு வினைக்கும் முழுத்தொடர்த் தமிழ் விளக்கம், அது கொள்ளும் வேற்றுமை, தமிழின் எவ்வேற்றுமையிலிருந்து பிழை பிறக்கும் என்னும் குறிப்பு, இரண்டு எடுத்துக்காட்டுகள் ஆகியன போதும். பிழைகளைத் திரட்ட வெளியே செல்ல வேண்டுவதில்லை. முதுகலை மாணவரின் ஆங்கிலத் தாள்களும் நம் ஆய்வேடுகளின் ஆங்கிலச் சுருக்கங்களும் துறைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. முதுகலை இரண்டாம் ஆண்டு ஆய்வுத் திட்டக் கட்டுரையாக மாணவர் ஒருவர்க்கு 10 வினைகள் பகிர்ந்தளித்தால், 50 மாணவரைக் கொண்டு ஓராண்டில் முதல் வரைவு கைக்கு வரும். இலக்கணம் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரும் ஆங்கிலத் துறையினர் ஒருவரும் அதனைச் சேர்ந்திருந்து திருத்த வேண்டும். 'பாரோ', 'ரீச்', 'டிஸ்கஸ்' ஆகிய மூன்றுக்கும் என் வரைவுகள் அணியமாக உள்ளன. மறுப்போர் அவற்றிலிருந்தே தொடங்கலாம்.